இன்னாசியம்மை போடாத உப்பு

ரயில் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காத காலமாம். தேரிக்காட்டுக்குத் தெற்கே கூழையன்விளை என்று ஓர் ஊராம். ஊரில் எண்பது வீடு, எண்ணூறு பனை, ஓலைக்கூரை போட்ட அந்தோனியார் கோவில் ஒன்று. அந்த ஊரில்தான் இன்னாசியம்மை இருந்தாள். மதலைமுத்துவின் மருமகள். பானை நிறையக் குழம்பு வைத்து, உப்பு கூடவும் இல்லாமல் குறையவும் இல்லாமல் இறக்குகிற கை அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே அவளுக்கு மட்டும்தான் இருந்ததாம்.

அந்தக் கைதான் அவளைப் படுத்தியது.

சாமியார் வெள்ளைக்காரர், நெஞ்சு வரைக்கும் தாடி. மூன்று நாள் குதிரையில் வந்து சேர வேண்டிய தூரம் என்பதால் வருசத்தில் நாலு முறைதான் வருவார். தை பிறக்குமுன் மூன்று ராசாக்கள் திருநாள், அப்புறம் சேசுநாதர் உயிர்த்த பாஸ்கா, அப்புறம் அந்தோனியார் திருநாள், அப்புறம் ஆவணி மாதா திருநாள். அவர் வந்தால்தான் பூசை. பூசை வைத்தால்தான் நன்மை. நன்மை வாங்குவது என்றால் சும்மா இல்லை, அப்பத்தின் உருவத்தில் சேசுநாதரையே வாங்குவது. அவர் உள்ளே வருகிற அன்றைக்கு அவருக்கு முன்னால் வேறொன்றும் உள்ளே போயிருக்கக் கூடாது. ஆகவே முந்தின நடுச்சாமம் தொட்டு வாங்கி முடிக்கிற வரைக்கும் பச்சைத்தண்ணீர்கூடப் பல்லில் படக்கூடாது.

பூசை முடிந்ததும் அசனம். ஊரே ஒரு வரிசையாகத் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிற சாப்பாடு. அதற்குக் குழம்பு விடியும்போதே அடுப்பில் ஏறிவிட வேண்டும். ஏற்றுவது இன்னாசியம்மை.

உப்புப் பார்க்க அவளுக்கு ஒரு வழக்கம் இருந்தது. கரண்டியால் ஒரு சொட்டு எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்குவாள். கரண்டி கைக்கு வரும், கை வாய்க்குப் போகும், வாய் வேலையை முடித்துவிடும். இந்த மூன்றும் அவளை ஒரு வார்த்தை கேட்பதில்லை.

அந்த வருசம் மூன்று ராசாக்கள் திருநாளில் அப்படித்தான் ஆயிற்று. அவள் நாலு மாசம் முழுகாமல் இருந்தாள். பூசை நேரத்தில் பீடத்துக்கு முன்னால் தடுத்திருந்த கிராதிக் கம்பியோரம் எல்லோரும் முழங்காலில் நிற்க, சாமியார் ஒவ்வொருவர் நாவிலும் நன்மை கொடுத்துக்கொண்டு வருகிறார். இவளுக்கு அடுத்தவள் வரைக்கும் வந்துவிட்டார். அப்போதுதான் இவள் வாயில் குழம்பு ருசி எட்டிப் பார்த்தது. கரண்டி கைக்கு வந்தது, கை வாய்க்குப் போனது, வாய் வேலையை முடித்தது. எல்லாம் நினைவு வந்துவிட்டது. எழுந்து திரும்பி நடந்துவிட்டாள்.

ஊர் சும்மா இருக்குமா?

"ஏட்டி, நன்மை வாங்காம எந்திரிச்சுப் போறான்னா சாவான பாவம்லா பண்ணிருக்கா?"

"போன மாசம் நம்ம செவலைக் கோழி ஒண்ணு காணாமப் போச்சு. நான் யாரையும் சொல்லலை."

மூன்று மாசம் அந்தக் கோழி ஊருக்குள் நடமாடியது.

பாஸ்காவில் மறுபடியும் அதுதான். கரண்டி கைக்கு வந்தது, கை வாய்க்குப் போனது. இந்த முறை பூசைக்கு முன்பே பாவத்தைச் சாமியார் காதில் சொல்கிற பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு ஓடினாள்.

"சாமி, குழம்பு நாக்கிலே பட்டுட்டு."

சாமியார் புத்தகத்தில் தமிழ் படித்தவர். "விழுங்கினாயா, மகளே? அல்லது உமிழ்ந்தாயா?"

"முழுங்கினாத்தானே சாமி உப்பு தெரியும்?"

சாமியார் தாடியைத் தடவினாராம். "அப்படியாயின் நன்மை அடுத்த முறை" என்றாராம்.

அடுத்த முறை என்றால் அந்தோனியார் திருநாள். அதற்குள் வயிறு நிறைமாசமாகி இருந்தது. அதையும் விட்டால் ஆவணி வரைக்கும் சாமியார் இல்லை. பிள்ளை ஆவணி வரைக்கும் காத்திருக்காது.

இன்னாசியம்மையின் அக்கா தலைப்பிள்ளைப் பேற்றில் போனவள். காலையில் சிரித்துக்கொண்டு கம்பு குத்தினவள், சாயங்காலம் இல்லை. அந்த வீட்டு வாசலில் அன்றைக்குக் கவிழ்த்து வைத்த உரல் இவள் கண்ணை விட்டுப் போகவே இல்லை. யாரிடமும் சொல்லவில்லை. மாமியார் பிரகாசியிடம் மட்டும் ஒருநாள் சொன்னாள்.

"அத்தே, நான் போறதுன்னா அவரை வாங்கிட்டுப் போவணும். இருக்கறதுன்னாலும் அவரை வாங்கிட்டு இருக்கணும். வெறும் வயித்தோட என்னால அந்தப் பேறுகால ஓலைப்புரைக்குள்ள போவ முடியாது."

"ஏழுமாசத்துலேருந்து உன் வயித்துக்கு என்ன குறைச்சல்" என்றாள் பிரகாசி. ஆனால் அன்றைக்கு முழுக்க அவள் யாரையும் ஏசவில்லையாம். அது அந்த வீட்டில் பெரிய விசயம்.

வேறு யாராவது உப்புப் போடட்டும் என்றால், போன வருசம் பிரகாசிதான் கைக்கணக்கில் போட்டாள். அன்று சாயங்காலத்துக்குள் ஊர்க்கிணற்றில் தண்ணீர் அரையாள் மட்டத்துக்கு இறங்கிப்போனதாம். வேறு யாராவது ருசி பார்க்கட்டும் என்றால், ஊரே நன்மைக்காகப் பட்டினி. சாமியார் இல்லாத நாளில் செபம் சொல்லிவைக்கிற உபதேசியார் கோவில் வாசலில் நின்று, "இன்னைக்கு யாரு நன்மை வாங்கலையோ அவங்க வந்து குழம்பு ருசி பாருங்க" என்று கூப்பிட்டுப் பார்த்தார். வந்தால் பாவம் இன்னும் கிடக்கிறது என்று ஊருக்கே தெரிந்துவிடுமே. கள்ளுப்பானைக்குள் குடியிருந்தவன்கூட இரண்டடி பின்னால் தள்ளி நின்றான்.

பிரகாசிதான் யோசனை கண்டுபிடித்தாள். பால் குடிக்காமல் இருக்கக் கன்றுக்குட்டிக்குப் போடுகிற நார் வாய்ப்பூட்டைக் கொண்டுவந்து மருமகள் வாயில் மாட்டி, பின்னால் இரண்டு முடிச்சுப் போட்டாள்.

திருநாள் விடிந்தது. நிறைவயிறும் வாய்ப்பூட்டுமாக இன்னாசியம்மை அடுப்பங்கரையில் நிற்கிறாள். தண்ணீர் எடுக்கப் போகிற பெண்டுகள் எல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

"என்ன மைனி, யாரைக் கடிச்சா?"

"மாமியாக்காரியைத்தான். அதான் அவளே கட்டிருக்கா."

இவள் வாய் திறக்க வழியில்லை. அகப்பையை மட்டும் ஓங்கிக் காட்டினாள்.

கறி வெந்தது. உப்புப் போடுகிற நேரம் வந்தது. கையை உப்புப்பானைக்குள் விட்டதுதான் தாமதம், மற்ற கை தானாகக் கரண்டியை எடுத்துவிட்டது. கரண்டி கைக்கு வந்தது, கை வாய்க்குப் போனது, வாய்ப்பூட்டில் இடித்து நின்றது. ஒரு சொட்டு நாரில் ஊறி உதட்டை நோக்கி மெதுவாக இறங்குகிறது. இன்னாசியம்மைக்கு உயிரே போய்விட்டது. முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். உதடு எரிகிற வரைக்கும் துடைத்தாள்.

அப்போது அவளுக்கு ஒன்று விளங்கியது. உப்பைத் தொட்டால்தான் இந்தக் கைக்கு நாக்கு நினைவு வருகிறது. உப்பையே தொடாவிட்டால்? பூசை முடியட்டும். நன்மை வாங்கிவிட்டு வந்து, ஆறுதலாக உப்புப் போட்டு, ஆறுதலாக நக்கிப் பார்க்கலாம். எடுத்த உப்பை உப்புப்பானையிலேயே திரும்பக் கொட்டி மூடிவைத்தாள். யாரிடமும் சொல்லவில்லை. வாய்ப்பூட்டோடு எப்படிச் சொல்வது?

விடியற்காலையிலிருந்தே அடிவயிற்றில் அவ்வப்போது ஒரு பிடி பிடித்து விட்டது. பசி என்று நினைத்தாள்.

பூசைக்கு மணி அடித்தது. முடிச்சை அவிழ்க்கப் பிரகாசியால் முடியவில்லை, பல்லால் கடித்து அறுத்தாள். இன்னாசியம்மை கிராதிக்குப் போய் முழங்காலில் நின்றாள். சாமியார் வருகிறார். அடுத்தவள் வரைக்கும் வந்தார். இவள் முன்னால் வந்தார். கரண்டி இல்லை, கையும் வரவில்லை. நாக்கு மட்டும் நீண்டது. வெள்ளையாய், காற்றின் கனம்கூட இல்லாத ஒன்று அதில் வந்து உட்கார்ந்தது. அதில் உப்பும் இல்லை, புளியும் இல்லை. அவள் ருசி ஒன்றும் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள்.

எழுந்தாள். பசி என்று நினைத்தது பசி இல்லை என்று அப்போது தெரிந்தது.

விழப் போனவளை இரண்டு பக்கத்திலிருந்தும் இரண்டு பேர் ஓடிவந்து பிடித்தார்கள். ஒருவர் மாமனார் மதலைமுத்து. மற்றவர் அவருடைய அண்ணன் ஞானாதிக்கம். இரண்டு பேரும் வரப்பில் நின்ற ஒரு பனையால் பேச்சை நிறுத்திப் பதினொரு வருசம் ஆகியிருந்தது. 'மன்னிச்சுட்டேன் சாமி, ஆனா பேச மாட்டேன்' என்று இருவரும் வருசத்துக்கு நாலு முறை பாவசங்கீர்த்தனம் செய்துகொண்டிருந்தார்கள். ஆளுக்கு ஒரு கையாகத் தாங்கி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே அவளைச் சமையல் பந்தலுக்குப் பக்கத்து ஓலைப்புரைக்குக் கொண்டுபோனார்கள். ஊர்ப் பெண்டுகள் எல்லாம் பின்னாலேயே ஓடினார்கள். அண்ணனும் தம்பியும் திரும்பி வந்து, கடைசி ஆட்களாகப் பக்கத்தில் பக்கத்தில் முழங்காலில் நின்று நன்மை வாங்கினார்கள்.

கூழையன்விளையில், கிராதியில் நின்ற வரிசைப்படிதான் அசனத்துக்கும் உட்கார வேண்டும். ஆகவே வரிசையின் கடைசியில் மதலைமுத்து, அவருக்குப் பக்கத்தில் ஞானாதிக்கம். சோறு விழுந்தது, குழம்பு விழுந்தது. சாமியார் சிலுவை போட்டார். எல்லாரும் கை வைத்தார்கள். ஞானாதிக்கம் மட்டும் தம்பி பக்கத்தில் சாப்பிட மாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஓலைப்புரைக்குள் இன்னாசியம்மை வலிக்கு இடையில் கத்துகிறாள். "உப்பு."

"உப்பும் வேண்டாம் மிளகும் வேண்டாம், மூச்சைப் பிடி" என்கிறாள் மருத்துவச்சி பூரணம்.

"குழம்புக்கு உப்பு."

"பேறுகால வாயி அப்படித்தான் பெனாத்தும். கண்டுக்கிடாதீங்க."

வெளியே முதல் கவளம் வாய்க்குள் போயிற்று. வரிசை முழுக்க மெல்லுவது நின்றது. ஒருவரும் குறை சொல்லவில்லை. ஏனென்றால் வரிசையின் தலைமாட்டில் சாமியார் வழித்து வழித்துச் சாப்பிடுகிறார். "இருபது ஆண்டுகளில் இன்றுதான் உங்கள் குழம்பை என்னால் உண்ண முடிகிறது" என்றாராம்.

அப்போது ஓலைத்தட்டியைக் கிழித்துக்கொண்டு சத்தம் வந்தது. "ஒரு கல்லு உப்பு போடலை. யாராவது போடுங்களேன்."

உபதேசியார் எழுந்து ஓடி உப்புப்பானையை இடது முழங்கைக்குள் அணைத்துக் கொண்டுவந்தார். வந்து நின்ற பிறகுதான் பார்த்தார். அவர் வலது கை எச்சில் கை. வரிசையில் இருக்கிற அத்தனை கையும் எச்சில் கை. நடுவில் வந்து பரிமாறின பெண்டுகள் எல்லாம் மறுபடியும் ஓலைப்புரைக்குள். ஊர் முழுக்க அந்த நேரத்தில் காய்ந்த கை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. எல்லாரும் ஞானாதிக்கத்தைப் பார்த்தார்கள்.

அவர் முனகிக்கொண்டே எழுந்தார். பானையை வாங்கினார். தலைமாட்டிலிருந்து இலை இலையாக உப்பு வைத்துக்கொண்டு வந்தார். சாமியார் மட்டும் இலையை மறைத்துக்கொண்டார். வந்து வந்து, ஒரே ஓர் இலைதான் மிச்சம். ஞானாதிக்கம் நின்றார். பதினொரு வருசத்துக்கு அப்புறம் வாய் திறந்தார்.

"வைக்கவா?"

மதலைமுத்து நிமிரவில்லை. எச்சிலைத் துண்டில் துடைத்துவிட்டு உள்ளங்கையை நீட்டினார். "இலையிலே வேண்டாம். கையிலே தா."

வரிசையே திடுக்கிட்டது. உப்பைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்பது பச்சைப் பிள்ளைக்கும் தெரியுமே.

"கையிலே தந்தா சண்டை வரும்டே" என்றார் அண்ணன்.

"வரட்டும். பதினொரு வருசமா நமக்குள்ள அதுகூட இல்லையே."

ஞானாதிக்கம் ஒரு பிடி எடுத்துத் தம்பி கையில் வைத்தார். வைத்த கையை உடனே எடுக்கவில்லையாம். சண்டையும் சொன்னபடியே வந்தது. "அந்தப் பனை யாரு வச்சது தெரியுமாடே?" என்று அண்ணன் ஆரம்பிக்க, "எங்கய்யா வச்சது" என்று தம்பி எகிற, "எனக்கும் அவருதான்டே ஐயா" என்று அண்ணன் உட்கார்ந்து, அந்த இலையிலேயே கையை வைத்துச் சாப்பிட ஆரம்பித்துவிட்டார். இரண்டு பேரும் ஒரே இலையில் தின்றுகொண்டே கத்துகிறார்கள்.

சாமியார் பயந்துபோய், "என்ன நடக்கிறது?" என்று கேட்டார்.

"சமாதானம் ஆயிட்டாங்க சாமி" என்றார் உபதேசியார்.

இந்தச் சத்தத்துக்கு நடுவில் ஓலைப்புரைக்குள் இன்னொரு சத்தம் கேட்டது. அது இந்த இரண்டு பேரையும்விடப் பெரிதாக இருந்ததாம். பெண்பிள்ளை. சமாதானம் என்றே பேர் வைத்தார்கள். சாகிற வரைக்கும் ஊரிலேயே பெரிய சண்டைக்காரி அவள்தான் என்பார்கள்.

பிரகாசி வெளியே வந்து, மிச்சமிருந்த உப்பில் இரண்டு கல்லை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மருமகளின் உள்ளங்கையில் வைத்தாள். மாமியார் மருமகளுக்கு உப்பைக் கையில் கொடுத்தாளாம், கேட்டீர்களா. கை வாய்க்குப் போனது, வாய் வேலையை முடித்தது.

"எப்படி இருக்கு?"

"சரியா இருக்கு அத்தே" என்றாள் இன்னாசியம்மை. அவள் அதற்கு அப்புறம் ஆறு பெற்றாள். பேரப்பிள்ளைகளுக்கும் குழம்பு வைத்துப் போட்டுத்தான் போய்ச் சேர்ந்தாள்.

இன்றைக்கும் கூழையன்விளையில் அந்தோனியார் திருநாள் குழம்புக்கு ஒரு கல் உப்புப் போடுவதில்லை. நடுச்சாமப் பட்டினி எல்லாம் போய், ஒரு மணி நேரம் சும்மா இருந்தால் போதும் என்று சாமியார்கள் சொன்ன பிறகும் போடுவதில்லை. சோறு விழுந்ததும் அந்த வருசம் ஊரில் பேச்சு நின்றுபோன இரண்டு பேரைப் பார்த்து, அவர்கள் கையில் உப்புப்பானையைக் கொடுத்துவிடுவார்கள். யாரும் தன் இலைக்குத் தானே உப்பு வைத்துக்கொள்ளக் கூடாது. பக்கத்துக் கையிலிருந்துதான் வாங்க வேண்டும். ஆனால் முதல் இரண்டு கல், பேறுகாலத்துக்குக் காத்திருக்கிற ஒரு பெண்ணின் உள்ளங்கைக்குப் போகும். அவள் நக்கிப் பார்த்து, "சரியா இருக்கு" என்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் ஊர் இலையில் கை வைக்கும். அப்படிச் சொல்ல ஒருத்தி இல்லாத வருசம் இதுவரை வந்ததில்லையாம்.