உள்ளே: ஒன்று

இடுப்பு கழன்று தனியாகத் தொங்குவதுபோல் இருந்தது. முந்நூற்று இருபது மூட்டை சிமெண்ட் இறக்கியாகிவிட்டது. அடுத்த லாரி பத்து மணிக்கு வரும் என்றார்கள். பன்னிரண்டாகப் போகிறது, லாரியைக் காணோம். போதாக்குறைக்கு மின்சாரமும் போய்விட்டது. கொட்டகையில் ஒரு அவசர விளக்கைச் சுற்றி நாங்கள் ஏழு பேர் காலி சாக்குகளில் சாய்ந்து கிடந்தோம். குண்டன் தைலப் புட்டியைத் திறந்துகொண்டு என் முதுகுப் பக்கம் வந்தான்.

"அதை மூடுடா" என்றான் நெட்டை.

"ஏன், மகாராஜாவுக்கு வாசனை ஒத்துக்கலையோ?"

"மூடுன்னா மூடு."

நெட்டை இரண்டு மூட்டையைச் சேர்த்துத் தோளில் போட்டுக்கொண்டு பாட்டுப் பாடுகிறவன். அவன் குரல் அப்படிச் சுருங்கி நாங்கள் கேட்டதில்லை. குண்டன் புட்டியை மூடினான். பிறகு நெட்டையே ஆரம்பித்தான். அவனுடைய அக்கா வீட்டுக்காரருக்கு நடந்தது. மச்சான் என்றுதான் சொன்னான், நானும் அப்படியே சொல்கிறேன். நான் பேய் பிசாசை நம்புகிற ஆள் இல்லை. கேட்டதை எழுதுகிறேன், அவ்வளவுதான்.

இரவு பதினொன்றே கால். ஊர் முடிந்த பிறகு ஆறு கிலோமீட்டர் நேராகப் போகிற சாலை. இரண்டு பக்கமும் வெட்டவெளி, ஒரு விளக்கு கிடையாது. மச்சான் இருசக்கர வண்டியில் தனியாகப் போய்க்கொண்டிருந்தார். சாலை முடிகிற இடத்தில் குளிர்கிடங்கு. இறைச்சியும் மீனும் பெட்டி பெட்டியாக அடுக்கி வைக்கிற இடம். அங்கே கணினி பார்க்கிற வேலை அவருக்கு.

கிளம்புவதற்கு முன்னால் கைப்பேசிக்குச் செய்தி வந்திருந்தது. கதவு பூட்டவில்லை என்றால் தன் கைப்பேசிக்குச் செய்தி வரும்படி அவரே செய்து வைத்திருந்தார்.

உள்ளே: 1. நுழைவு: 4.52.

அந்த மாதத்தில் அது ஒன்பதாவது தடவை.

அந்தக் கதவு எப்படி வேலை செய்யும் என்று தெரிந்தால்தான் மற்றது புரியும். ஐஸ் அறைக்குப் போகிறவர் வாசலில் அட்டையைத் தேய்க்க வேண்டும். வரும்போதும் தேய்க்க வேண்டும். உள்ளே எத்தனை பேர், எத்தனை மணிக்கு நுழைந்தவர் என்று கதவுக்கு மேலே சிவப்பில் எண் எரியும். எண் பூஜ்யமானால்தான் கதவு பூட்டும், விசிறி முழு வேகத்தில் ஓடும். ஒரு ஆள் உள்ளே இருந்தாலும் பூட்டாது. இது வாசல் பார்க்கிற கணினி நிரல். கூலி போடுவதற்கு இன்னொரு நிரல், வேறு ஒரு கம்பெனி செய்து கொடுத்தது. இரண்டுக்கும் பெயர்ப்பட்டியல் ஒன்றுதான், ஒரே டேட்டாபேஸ்.

"ஒரே நோட்டுல ரெண்டு பேர் எழுதற மாதிரி" என்றான் நெட்டை. "ஒருத்தன் எழுதறது இன்னொருத்தனுக்குத் தெரியாது."

வேலையை விட்டுப் போகிறவன் வெளியே வரும்போது அட்டையைத் தேய்க்காமல் வீசிவிட்டுப் போய்விடுவான். கூலி நிரலில் அவன் பெயர் போய்விடும், வாசல் நிரலில் அவன் உள்ளேயே இருப்பான். எண் மூன்றிலோ நாலிலோ நிற்கும். கதவு பூட்டாது, மீன் இளகும், முதலாளி கத்துவார். மச்சான் யோசித்து ஒரு விதி எழுதினார். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் கூலி நிரல் சொல்வதே சரி. கூலியில் பெயர் இல்லாதவன் உள்ளேயும் இல்லை.

நாலு வரிதான். முதலாளி முதுகில் தட்டிக்கொடுத்தார்.

விதி எழுதின மாதத்தின் கடைசி நாள்... ஒரு லாரி தாமதமாக வந்தது. ஒப்பந்தக் கூலி ஆள் ஒருவரை உள்ளே அடுக்க அனுப்பினார்கள். வயசு ஐம்பது இருக்கும். எப்போதும் முதுகுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு வருவார், அதனால் தைலக்காரர் என்றே எல்லோருக்கும் பழக்கம். மணி நாலு ஐம்பத்திரண்டுக்கு அட்டையைத் தேய்த்து உள்ளே போனார். ஆறு மணிக்குக் கணக்கர் வீட்டுக்குக் கிளம்பும்போது, மாதம் முடிந்த ஒப்பந்தப் பெயர்களைக் கூலிப் பட்டியலிலிருந்து மொத்தமாக எடுத்தார். மாதாமாதம் செய்கிற வேலைதான். தைலக்காரர் பெயரும் அதில் இருந்தது.

சிவப்பு எண் பூஜ்யமானது. கதவு பூட்டிக்கொண்டது.

உள்ளே அவசரக் கைப்பிடி ஒன்று உண்டு. அது உடைந்து ஒரு வருஷம். மாற்றச் சொல்லி மூன்று தடவை எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

காலையில் திறந்தபோது கதவை ஒட்டி உட்கார்ந்திருந்தாராம். வலது கை மட்டும் கதவோடு ஒட்டிப்போயிருந்தது.

"போதும்டா" என்றது இருட்டில் ஒரு குரல்.

"இனிமேதான் இருக்கு" என்றான் நெட்டை.

விசாரணைக்கு ஆட்கள் வருவதற்கு முன்னால் முதலாளி மச்சானைக் கூப்பிட்டார். "விதி எழுதினது யாரு? நீதானே? மாட்டினா நீ முதல்ல" என்றார். மச்சானுக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது. அவர் போய் அந்த நாலு ஐம்பத்திரண்டை அழித்தார். தைலக்காரர் நாலு மணிக்கே வேலை முடித்துப் போய்விட்டார், குடித்துவிட்டுத் திருட்டுத்தனமாகத் திரும்பி வந்து உள்ளே படுத்துவிட்டார் என்று எழுதி மூடினார்கள்.

தைலக்காரரின் மனைவி கணினி அறைக்கே வந்தார். அழவில்லை. வாசற்படியில் நின்றார்.

"அவரு குடிக்க மாட்டாருப்பா. ஊரே என் புள்ளைங்களைக் குடிகாரன் புள்ளைங்கிறாங்க. காசு கேட்டு வரல. அன்னைக்கு அவரு வேலையாத்தான் உள்ள போனாருன்னு ஒரு வரி எழுதிக் குடு. போதும்."

"பார்க்கறேம்மா" என்றார் மச்சான்.

அதற்கு மறுநாள் ராத்திரி முதல் செய்தி வந்தது. உள்ளே: 1. நுழைவு: 4.52. போய்ப் பார்த்தார், அறை காலி. அழித்தார், கதவு பூட்டியது. இரண்டு நாள் கழித்துத் திரும்பவும். வாசல் நிரலில் அழித்தால் பட்டியலில் இருந்தது. பட்டியலில் அழித்தால் வாசலில் இருந்தது. இரண்டிலும் அழித்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோற்றில் கை வைப்பார்... கைப்பேசி அடிக்கும்.

ஒன்பதாவது தடவை செய்தி வந்த அன்று ராத்திரி முதலாளி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "இன்னைக்குள்ள சரி பண்ணு. இல்லேன்னா நாளைக்கு வராதே."

கிடங்கு வாசலில் காவலாளி மட்டும்தான். மச்சானைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"சார், கதவை யாரோ தட்டற மாதிரி இருந்துச்சு. ஓங்கி இல்ல... உள்ளங்கையால."

"ஐஸ் விரியற சத்தம்யா அது."

"ஐஸு எண்ணித் தட்டுமா சார்? மூணு தட்டு. நிறுத்தம். மூணு தட்டு."

மச்சான் கதவுக்கு வெளியே இருந்த கணினியை முடுக்கினார். ஒரு சோதனை பண்ணிப் பார்த்துவிடலாம் என்று நினைத்தார். தானே அட்டையைத் தேய்த்து உள்ளே போவது, அப்போது எண் இரண்டாகும். வெளியே காவலாளி பொத்தானை அமுக்கித் தைலக்காரரின் பதிவை அழிக்க வேண்டும். எண் ஒன்றாகும். அந்த ஒன்று தான். தான் உள்ளே இருக்கிறவரை கதவு பூட்டாது. எண் சரியாக இறங்குகிறதா என்று உள்ளேயிருக்கிற எண் பலகையில் பார்த்துவிடலாம்.

"சரியா பன்னெண்டு அஞ்சுக்கு அமுக்கு. அதுக்கு முன்னாடி கை வைக்காதே."

"நானா சார்?"

"கணினி உன்னைக் கடிச்சிடாது. அமுக்கு."

பதினொன்று ஐம்பதுக்கு அட்டையைத் தேய்த்தார். பீப். எண் இரண்டு. உள்ளே போனார், கதவு தானாகச் சாத்திக்கொண்டது, பூட்டவில்லை.

பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு. மூக்கு மயிர் விறைத்துக்கொள்ளும். அந்தக் குளிரில் வாசனை என்று எதுவும் தெரியாது. மீன் நாற்றம்கூட அடிக்காது, மூக்கு செத்துவிடும். மச்சான் உள்பலகைக்குக் கீழே நின்று கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மூச்சு புகையாகப் போய்க்கொண்டிருந்தது.

முதலில் வாசனை வந்தது.

தைலம். சூடான உடம்பில் அப்போதுதான் தேய்த்த தைலம்.

திரும்பவில்லை. திரும்பினால் என்ன தெரியுமோ என்று திரும்பவில்லை. தன் மூச்சைப் பார்த்தார். ஒரு புகை போனது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார்... பிடித்துக்கொண்டே நிற்கிறார்... இடது தோளுக்குப் பக்கத்திலிருந்து இன்னொரு புகை மெதுவாக அவர் முகத்துக்கு முன்னால் வந்தது.

அப்போது மணி பன்னிரண்டு.

பலகையில் இரண்டு போய் ஒன்று வந்தது. காவலாளி அவசரப்பட்டு முன்னாலேயே அமுக்கிவிட்டார் என்று நினைத்தார் மச்சான். கொஞ்சம் தெம்புகூட வந்தது. அழிந்துவிட்டது, இனி இருக்கிற ஒன்று நான்தான் என்று, எண் நிலைத்து நிற்கிறதா எனச் சில நிமிஷம் பார்த்துவிட்டுக் கதவை நோக்கி நடந்தார். கால் மரத்துப்போயிருந்தது, தேய்த்துத் தேய்த்துத்தான் நடக்க முடிந்தது. பத்து அடி இருக்கும்போது எண் மாறியது.

பூஜ்யம்.

டக். பூட்டு விழுகிற சத்தம். தலைக்கு மேலே விசிறி முழு வேகத்தில் கிளம்பியது. பாய்ந்து கைப்பிடியைப் பிடித்தார். உடைந்த கைப்பிடி. அதை இன்னும் மாற்றவில்லை. கத்தினார். விசிறிச் சத்தத்தில் அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. உள்ளங்கையால் கதவைத் தட்டினார். மூன்று தட்டு. நிறுத்தினார். மூன்று தட்டு.

அவர் கைக்குப் பக்கத்தில்... இன்னொரு கை தட்டியது.

பலகையில் எண் துடித்தது. ஒன்று.

டக். பூட்டு விட்டது. விசிறி இறங்கியது. மச்சான் வெளியே போய் விழுந்தார்.

காவலாளி கணினிக்கு முன்னாலிருந்து ஓடி வந்தார். "நீங்க சொன்ன மாதிரி பன்னெண்டு அஞ்சுக்குத்தான் சார் அமுக்கினேன். ஒரே ஒரு தடவை. ஆனா பன்னெண்டுக்கே அது தானா ஒண்ணு குறைஞ்சுது சார்."

மச்சான் வெளியே வந்ததைப் பதிய அட்டையைத் தேய்த்தார். பீப் வரவில்லை. சிவப்பு விளக்கு. இந்த எண்ணில் பணியாளர் இல்லை.

மறுபடி தேய்த்தார். இந்த எண்ணில் பணியாளர் இல்லை.

நாளைக்கு வராதே என்ற முதலாளி, சாயங்காலமே கணக்கரிடம் மச்சான் பெயரை எடுக்கச் சொல்லியிருக்கிறார். அன்று மாதக் கடைசி. மாதச் சம்பளக்காரர் யாரை எடுத்தாலும் பெயர் ராத்திரி தேதி மாறும்போதுதான் போகும். கூலியில் பெயர் இல்லாதவன் உள்ளேயும் இல்லை. மச்சானே எழுதிய விதி. பன்னிரண்டுக்குப் போனது மச்சான். பன்னிரண்டு ஐந்துக்குக் காவலாளி அழித்தது தைலக்காரரை. இரண்டு பேரும் போனால் பூஜ்யம், காலைவரை கதவு திறந்திருக்காது.

மச்சான் தலையைத் தூக்கிப் பார்த்தார். கதவுக்கு மேலே சிவப்பில் எரிந்துகொண்டிருந்தது.

உள்ளே: 1. நுழைவு: 4.52.

நெட்டை நிறுத்திவிட்டான். அவசர விளக்கு மங்கிக்கொண்டு வந்தது. யாரும் அதைத் தட்டக்கூடப் போகவில்லை.

"மச்சான் இப்ப என்ன பண்றாரு?" என்றான் குண்டன். தைலப் புட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான்.

"வீட்லதான். உச்சி வெயில்ல போர்வை போத்திக்கிட்டு மாடியில உக்காந்திருப்பாரு. உடம்பு சூடே ஏறல. அக்கா அவர் கையைத் தொட்டா வெடுக்குன்னு எடுத்துக்குது. உள்ள போனதுதானே பதிவாச்சு... வெளிய வந்தது பதிவாகலையே."

"கிடங்கு?"

"இடிச்சுட்டாங்க. ரெண்டு வருஷமாச்சு. வெறும் மண்ணு. கணினியெல்லாம் எடைக்குப் போட்டாச்சு."

அப்போது அவன் சட்டைப் பைக்குள் ஏதோ அதிர்ந்தது. எங்கள் எல்லோருடைய கைப்பேசியும் மின்சாரம் இருந்தபோது சார்ஜுக்குப் போட்டபடியே அலுவலக அறையில் கிடந்தது. நெட்டை பையிலிருந்து கீறல் விழுந்த பழைய கைப்பேசி ஒன்றை எடுத்தான்.

"மச்சானோடது. வீட்ல இருந்தா அக்கா தூங்க மாட்டேங்குது. நம்பரை மூணு தடவை மாத்தியாச்சு."

எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினான். அதே இரண்டு வரி, அதே நாலு ஐம்பத்திரண்டு. நான் படித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"அந்தம்மாவுக்கு எழுதிக் குடுத்தாரா?" என்று கேட்டேன்.

"பார்க்கறேன்னு சொன்னாருல்ல" என்றான் நெட்டை. "அதோட சரி."

அன்று நாலு ஐம்பத்திரண்டுக்கு வேலையாக உள்ளே போனவர் வெளியே வரவில்லை. இந்த ஒரு வரியை மச்சான் அந்த அம்மாவுக்கு எழுதித் தரவேண்டும். இன்னும் தரவில்லை.