ஒரே அடையாளத்தில் இரண்டு போன்கள்

மருந்துக் குளிர்கிடங்கின் காப்பாளராக வேலை பார்க்கிறேன். இடுப்பில் சாவிக்கொத்து தொங்குவதால் ‘சாவி’ என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். வயது ஐம்பத்தாறு. படிப்பு பத்தாம் வகுப்பு, அதிலும் கணக்கு இரண்டாம் முறையில்தான் தேறியது. கிடங்கின் பின்புறம், ஊழியர் குடியிருப்பில் மூன்றாம் எண் வீட்டில் மனைவியுடன் வசிக்கிறேன். இந்த வழக்கில் நேற்றிலிருந்து இந்தக் காவல் நிலையத்தில் உட்கார வைத்திருக்கும் கணினிக்காரர் என் மகளின் கணவர். அவரை விட்டுவிட வேண்டும் என்று நானாக வந்து இதைச் சொல்கிறேன்.

கிடங்கின் வெப்பநிலையை முன்பு அபாய மணிக்கு, மேலாளர் அறைக்கு, மெக்கானிக்கின் போனுக்கு என்று தனித்தனியாக அனுப்ப வேண்டும். புதிதாக ஒருவரைச் சேர்த்தால் எல்லாவற்றையும் பிரித்துப்போட வேண்டும். அதனால் மாப்பிள்ளை சென்ற மாதம் எல்லாவற்றுக்கும் நடுவே மெசேஜ் புரோக்கர் என்று ஒரு கணினி நிரலை அமைத்தார். மகளுக்கு வரன் பார்த்தபோதே புரோக்கர் வேண்டாம் என்றவன் நான். வந்த மாப்பிள்ளையே ஒரு புரோக்கரைக் கொண்டுவந்து கிடங்கில் வைத்தார். வெப்பமானி ஒரு முறை அதனிடம் சொன்னால் போதும், சந்தா சேர்ந்த எல்லோருக்கும் அது ஆளுக்கொரு பிரதி கொடுத்துவிடும். சந்தா சேர ஒவ்வொருவருக்கும் தனி அடையாளம் எழுதிய சீட்டு கொடுத்தார். ஒரே அடையாளத்தோடு இரண்டாவது ஆள் நுழைந்தால் புரோக்கர் முதல் ஆளை வெளியே தள்ளிவிடும் என்றும் சொன்னார். நான் தலையாட்டினேன்.

அதன் பிறகு என் சீட்டைச் சட்டைப்பையோடு துவைக்கப் போட்டேன். மறுசீட்டு வாங்கி அதையும் தொலைத்தேன். மூன்றாவது முறை போய்க் கேட்க மானம் இடம் கொடுக்கவில்லை. குளிர்சாதன மெக்கானிக் தன் சீட்டைக் கருவிப் பெட்டியின் மூடியில் ஒட்டியிருந்தார். அதைப் பார்த்து அப்படியே என் போனில் அடித்தேன். ‘4 டிகிரி’ என்று வந்தது. ராக்கெட் விட்டவனைப் போல மனைவியிடம் காட்டினேன். பால் பொங்குவதைப் போய்ப் பார்க்கச் சொன்னாள்.

அன்று முதல் மெக்கானிக்கின் போன் இணைவதும் அறுவதுமாக இருந்தது. மாப்பிள்ளை மூன்று நாள் கம்பியை மாற்றினார், இணையப் பெட்டியை மாற்றினார், தரையில் படுத்து மேசைக்கு அடியில் தேடினார். பக்கத்தில் டார்ச் பிடித்து நின்றவன் நான்.

“மாமா, நீங்க எதையும் தொடலையே?” என்று கேட்டார்.

“சாவியைத் தவிர நான் எதைத் தொட்டேன் மாப்ள?” என்றேன். தெரிந்து சொன்ன பொய் அல்ல. என் போனுக்கும் இதற்கும் சம்பந்தம் இருப்பது என் மண்டையில் ஏறவில்லை.

அதன் பிறகு ஞாயிறு பகல் இரண்டு மணிக்கு கம்பிரசர் நின்று, குளிர் குறைந்து, எட்டு டிகிரியைத் தாண்டியதும் புரோக்கர் எச்சரிக்கையை அனுப்பியிருக்கிறது. அந்த நிமிஷத்தில் என் போன் உள்ளே, மெக்கானிக்கின் போன் வெளியே. என் போன் சத்தத்தை நிறுத்திவிட்டு நான் உண்ட மயக்கத்தில் படுத்திருந்தேன். மேலாளர் அறை பூட்டியிருந்தது. அபாய மணி ஆளில்லாத நடையில் அடித்திருக்கிறது. நாலரை மணிக்குப் போய்க் கதவைத் திறந்தபோது பதினோரு பெட்டி தடுப்பூசி மருந்து கெட்டிருந்தது.

புரோக்கரின் பதிவில் மெக்கானிக்குக்குச் செய்தி சேர்ந்தது என்று இருந்தது. தனக்கு வரவே இல்லை என்று அவர் சத்தியம் செய்தார். மாப்பிள்ளை பதிவைத் திருத்திவிட்டார் என்று மேலாளர் புகார் கொடுத்தார்.

இன்று காலை என் மகள் வந்து, வீட்டில் இருந்த போனையெல்லாம் வாங்கிப் பார்த்தாள். என்னுடையதில் மெக்கானிக்கின் அடையாளத்தைப் பார்த்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“அப்பா, அவர் மூணு நாளா சோறு தண்ணி இல்லாம தேடினது உங்களையா?” என்று கேட்டாள்.

அதன் பிறகு மெக்கானிக்கோடு இங்கே வந்து, ஆய்வாளர் முன்னிலையில் இரண்டு போனையும் மேசையில் வைத்தோம். என்னுடையதைத் திறந்தால் மெக்கானிக்கினுடையது அறுந்தது. அவருடையதைத் திறந்தால் என்னுடையது அறுந்தது. நான்காவது தடவை ஆய்வாளர் போதும் என்றார். மாப்பிள்ளையைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். நாலு வார்த்தை திட்டுவார் என்று நின்றேன்.

“அப்பாடா. அப்ப புரோக்கர் சரியாத்தான் வேலை செஞ்சிருக்கு” என்றார்.

திட்டியிருந்தால் தேவலை.

மருந்து கெட்டதற்குப் பொறுப்பு நான். என்னை யாரும் மிரட்டவோ ஆசை காட்டவோ இல்லை. மகள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள், அவ்வளவுதான். எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். எல்லாம் நான் சொன்னது, நடந்தது.

(ஒப்பம்)
கிடங்குக் காப்பாளர்