விழுவதுதான் முதல் பாடம்

— அக்கா, செருப்போட பாய் மேல ஏறாதே. இது ஜூடோ பழகுற இடம்.

— ஏறுவேன்டா. என்ன பண்ணுவ? என்னையும் தூக்கி அடிப்பியா?

— கத்தாதே. பிள்ளைங்க வர்ற நேரம்.

— வரட்டும், கேக்கட்டும். டோகுயா, அந்தக் கோமாகிக்குப் பன்னெண்டு வயசு. இங்க சேர்ந்து ரெண்டு வாரம்கூட ஆகல. வெள்ளை பெல்ட்டை ஒழுங்காக் கட்டத் தெரியாது. மண்டைக்குள்ள ரத்தம் கட்டி ஆஸ்பத்திரியில கெடக்கா. அவளுக்குச் சொல்லித் தர்ற மாஸ்டர் நீ, இங்க உக்காந்து பார்லி டீ குடிக்கிற!

— தினமும் போய் அவங்கம்மா முன்னாடி குனிஞ்சு மன்னிப்புக் கேட்டுட்டுத்தான் வரேன் அக்கா.

— குனியறதுல உன்னை மிஞ்ச ஆள் உண்டா? புதுசா வந்தவளுக்கு மொதல்ல என்ன சொல்லித் தரணும்?

— உனக்குத் தெரியாததா?

— உன் வாயால சொல்லு!

— விழறதுக்கு. மோவாயை நெஞ்சோட ஒட்டணும். கையால பாயை அறையணும். தலை தரையில படக் கூடாது. மொத மாசம் முழுக்க அதான்.

— அப்ப அவளை யாருடா தூக்கிப் போட்டது?

— எத்தனை தடவை சொல்றது? உன் மக மினோரிதான். மத்தவங்க எல்லாம் கிளம்பியாச்சு. இவங்க ரெண்டு பேரும் பாயைக் கூட்டிட்டு இருந்தாங்க. நான் ஜன்னல் சாத்தத் திரும்பினேன். பொத்துனு சத்தம். ஏதோ விளையாட்டுக்குப் பண்ணிட்டா. அவளே ஒத்துக்கிட்டாளே.

— ஒத்துக்கிட்டா. பதினாறு வயசுப் பொண்ணு, கோமாகி வீட்டுப் பேரிக்காய்த் தோட்டத்து வாசல்ல மண்டி போட்டு, நெத்தி மண்ணுல பட அழுதா. கோமாகியோட அப்பா கதவையே திறக்கல. அன்னியிலேருந்து சோறு இறங்கல அவளுக்கு. பள்ளிக்கூடத்துல ஒருத்திகூடப் பக்கத்துல உக்கார மாட்டேங்கிறா. நான் கேட்டா, "மாமா சொன்னதுதாம்மா நெசம்"னு சொல்லிட்டுச் சுவத்தைப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிறா.

— சின்னப் பொண்ணு. நாளாக நாளாக எல்லாரும் மறந்துடுவாங்க. மாஸ்டர் தப்புன்னு வந்திருந்தா இந்த இடத்தையே இழுத்து மூடியிருப்பாங்க. பிள்ளைங்க விளையாட்டுன்னதால தப்பிச்சோம்.

— தப்பிச்சோமா? டேய், நானும் இதே பாயில விழுந்து எழுந்தவதான். தூக்கிப் போடறவ எதிராளியோட சட்டைக் கையை விடவே கூடாது. கடைசி நொடியில மேல இழுத்துப் பிடிக்கணும். அப்பதான் விழறவ மண்டை தப்பும். மினோரி ஒருநாளும் கையை விட்டதில்ல.

— அன்னிக்கு விட்டுட்டா. நான் என்ன செய்யட்டும்?

— நீ ஜன்னல் பக்கம் திரும்பி நின்னேன்னியே? அவ விட்டது உனக்கு எப்படித் தெரியும்?

— கோவத்துல வார்த்தையைப் பிடிச்சுத் தொங்காதே அக்கா. அந்தப் பொண்ணு கண்ணு முழிச்சாப் போதும்னு வேண்டிக்கிட்டிருக்கேன் நான்.

— முழிச்சுட்டா.

— என்னது?

— இன்னிக்குக் காலையில. துணிமணி குடுக்கலாம்னு போயிருந்தேன். அவங்கம்மா பக்கத்துலதான் நின்னேன்.

— ஏதாவது... பேசினாளா?

— ஒண்ணே ஒண்ணு கேட்டா. "நான் சிரிச்சேன்னு மாஸ்டருக்கு வந்த கோவம் போயிடுச்சாம்மா?"