சாடிக்குள் ஒரு மீசை

சிறிய கெளுத்தி மீன் வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அதன் வாயை. புள்ளிகளையும் பளபளப்பையும் பார்த்து மயங்கி வாங்குகிறவர்கள்தான் அதிகம். வாய் சின்னதாகக் கீழ்நோக்கி, மீசை கட்டையாக இருந்தால் அது தரையில் கிடக்கும் இரையைப் பொறுக்கித் தின்கிற சாது. பல வகை மீன்கள் சேர்ந்து வாழும் தொட்டியில் தாராளமாக விடலாம். வாய் முகத்தின் முழு அகலத்துக்கு இருந்து, மீசையும் நீளமாகப் போனால், எவ்வளவு குட்டியாக இருந்தாலும் வேண்டாம். அது பகலெல்லாம் ஒளிந்திருக்கும். விளக்கணைந்ததும் வெளியே வந்து, வாய்க்குள் நுழைகிற எதையும் விழுங்கும்.

இது எனக்கு நன்றாகத் தெரியும். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நியாயம் என்று நினைக்கிறேன்.

தொட்டி அப்பாவுடையது. அவருடைய அறையில், ஜன்னலுக்கு எதிர்ச்சுவரை ஒட்டி இருந்தது. அப்பா ஒரு கிடங்கில் லாரியில் ஏறுகிற மூட்டைகளை எண்ணுகிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் எண்ணிச் சொன்னால் டிரைவர்கள் வாதாட மாட்டார்கள். வீட்டுக்கு வந்த பிறகு எண்ணுவதற்கு ஒன்றும் இல்லாமல் தவித்தார். அதனால்தான் மீன். காலையில் பல் துலக்கியதும் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தொட்டி முன்னால் உட்காருவார். குறுக்கும் நெடுக்கும் ஓடுகிற மீன்களை ஒருமுறை பார்ப்பார், அவ்வளவுதான்.

"இருபத்தெட்டு. சரக்கு சரி" என்பார்.

"கையெழுத்துப் போட்டுட்டு வாங்கப்பா, டீ ஆறுது" என்று அக்கா அடுக்களையிலிருந்து குரல் கொடுப்பாள்.

அக்கா துணிக்கடையில் தையல் வேலை பார்க்கிறாள். இரவில் வீட்டிலும் ஹாலில் மெஷினை ஓட்டுவாள். நான் பகலில் பார்சல் பிரிக்கிற வேலைக்குப் போய்விட்டு, மாலை வகுப்பில் கணக்கியல் படிக்கிறேன். அக்கா என்னை 'வாத்தியார்' என்று கூப்பிடுவது அதனால் அல்ல. விடைத்தாள் திருத்துகிறவர் மாதிரி எதையும் சரிபார்த்துக்கொண்டே இருப்பேன். பூட்டிய கதவை மூன்று முறை இழுத்துப் பார்ப்பேன். பார்சலில் ஒட்டிய முகவரியைத் திரும்பத் திரும்பப் படிப்பேன். எனக்கு என் மேல் நம்பிக்கை கிடையாது. ஹாலில், மெஷின் சத்தத்துக்கு நடுவே படித்து, போன தேர்வில் தோற்றேன்.

அப்பாவின் அறைக்குக் கதவு இருந்தது. மேஜை இருந்தது.

கேட்டிருந்தால் கொடுத்திருப்பார். கேட்காமலே ஒருநாள் சொன்னார், "நீ உள்ள படிடா. நான் ஹால்ல படுத்துக்கறேன். எனக்கென்ன, மூட்டை மேல படுத்தே தூங்கினவன்." நான் வேண்டாம் என்றேன். கிழவரை ஹாலில் தள்ளிவிட்டு அறையைப் பிடித்துக்கொண்ட பிள்ளை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. எனக்கு அறை வேண்டும். எடுத்துக்கொண்டவனாக மட்டும் இருக்கக் கூடாது. இதைப் புரிந்துகொள்ள எனக்கே நாளாயிற்று.

அந்தச் சமயத்தில் அப்பா ஒருநாள் பால் பாத்திரத்தை அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோனார். பாத்திரம் கரிந்து, வீடெல்லாம் புகை. அக்கா பயந்துபோய் அவரை மருத்துவரிடம் கூட்டிப் போனாள். நானும் போனேன்.

"இதுல பயப்பட ஒண்ணுமில்ல. யாருக்கும் நடக்கறதுதான்" என்றார் மருத்துவர். "ஆனா தினமும் பழகின வேலையில தடுமாறினா எங்கிட்ட வாங்க. அதை விட்றாதீங்க."

பழகின வேலை. வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்கு அந்த இரண்டு வார்த்தைகள் மட்டும்தான் காதில் இருந்தன.

அப்பா அதற்கு முன்பே தொட்டியின் அடித்தரையைச் சுத்தமாக வைக்க இரண்டு சின்னக் கெளுத்திகள் வாங்கி வரச் சொல்லியிருந்தார். மீன் கடையில் நான் வழக்கம்போல் ரொம்ப நேரம் நின்றேன். சாதுவான இரண்டை எடுத்துக்கொண்டேன். பிறகு மூன்றாவதாக, ஓரத்துத் தொட்டியில் குழாய்க்குப் பின்னால் பதுங்கியிருந்த ஒன்றைக் காட்டினேன்.

கடைக்காரர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "தம்பி, இது கூட்டத்தோட இருக்கற ஆள் இல்ல. வீட்ல பொடி மீன் இருக்கா?"

"இல்லண்ணே. தனித் தொட்டி."

"அப்ப சரி. வலை போடாதீங்க, முள்ளு மாட்டிக்கும். டம்ளர்ல மொண்டு விடுங்க."

அவர் நல்ல மனிதர். அவர் மேல் ஒரு தவறும் இல்லை.

அப்பா குளிக்கப் போயிருந்தபோது மூன்றையும் விட்டேன். மூன்றாவது நேராகப் போய், தொட்டிக்குள் படுக்க வைத்திருந்த மண்சாடிக்குள் நுழைந்துகொண்டது. அப்பாவிடம் இரண்டைத்தான் காட்டினேன். "முப்பது" என்றார் சந்தோஷமாக.

சில நாட்கள் முப்பதாகவே இருந்தது. பிறகு ஒருநாள் காலை அவர் ஒருமுறை பார்த்ததோடு எழுந்திருக்கவில்லை. மறுபடி எண்ணினார். விரலைக் கண்ணாடியில் வைத்து எண்ணினார். அவர் விரல் வைத்து எண்ணி நான் பார்த்ததே இல்லை.

"இருபத்தொம்போது" என்றார். "செத்துக் கிடக்குதான்னு பாரு."

பார்த்தேன். கிடக்கவில்லை. "நேத்தே இருபத்தொம்போதுதானேப்பா" என்றேன்.

இந்த ஒரு வாக்கியத்தைத்தான் நான் செய்ததாகச் சொல்ல வேண்டும். மீன் செய்தது மீனின் இயல்பு.

அதன் பிறகு எனக்கு அதிக வேலை இருக்கவில்லை. மீன்கள் குறைந்தன. நான் முந்தின நாள் கணக்கை மாற்றிச் சொன்னேன். அக்கா மீன்களை எண்ணுகிறவள் அல்ல. ஆனால் அப்பா விரலை மடக்கி மடக்கி எண்ணுவதையும், ஆள் வாடிப்போவதையும் பார்த்தாள். ஒருநாள் அவர் அவளைக் கையைப் பிடித்து அறைக்குள் இழுத்துக்கொண்டு போனார்.

"அந்தச் சாடிக்குள்ள ஏதோ இருக்கும்மா. மீசை தெரிஞ்சுது. என்னைப் பாத்துச்சு."

அக்கா என்னைப் பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. "கொஞ்சம் கையை விட்டுப் பாருடா. அவருக்கு நிம்மதியா இருக்கட்டும்."

சட்டையை மடித்துக்கொண்டு கையை விட்டேன். சாடிக்குள் விரலை நுழைத்தேன். அது துடுப்பு முள்ளால் குத்தியது. உள்ளங்கை வரை எரிந்தது. அதை வெளியே இழுத்து அவர்கள் முன்னால் காட்டியிருந்தால் எல்லாம் அந்த இடத்தில் முடிந்திருக்கும். அப்பா சிரித்திருப்பார். "பாத்தியா, என் கணக்கு தப்பாது" என்று தெரு முழுக்கச் சொல்லியிருப்பார். இதெல்லாம் எனக்குத் தண்ணீருக்குள் கை இருந்தபோதே தோன்றியது.

"ஒண்ணுமில்லப்பா" என்றேன். முகம் மாறாமல் சொன்னேன்.

"கையில என்ன ரத்தம்?" என்று கேட்டார் அப்பா.

"சாடி விளிம்பு கீறிடுச்சு."

அவர் என் கையைப் பிடித்துத் துண்டால் துடைத்தார். மருந்து போடச் சொன்னார். பிறகு அக்காவிடம் திரும்பி, மெதுவாக, "அப்ப எனக்குத்தாம்மா ஏதோ ஆகுது" என்றார். அவர் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மருத்துவரிடம் அவர் தானாகவே எல்லாவற்றையும் சொன்னார். எண்ணிக்கை பிசகுவதை, இல்லாத மீசை தெரிவதை. நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினேன். பகலில் ஆள் இல்லாத வீட்டில், அடுப்போடு, அவரைத் தனியாக விட முடியாது என்று அக்கா பயந்தாள். முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட்டு வந்த அன்று அவள் மெஷினில் உட்காரவில்லை.

அறை எனக்கு வந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை. "நீயாவது அவர் அறையைப் பூட்டி வைக்காம புழங்குடா" என்று அக்காவே என் படுக்கையை உள்ளே கொண்டு போட்டாள். இப்போது தொட்டியில் அது ஒன்று மட்டும்தான் இருக்கிறது. கையளவு வளர்ந்துவிட்டது. இனி ஒளிய வேண்டியதில்லை என்பதாலோ என்னவோ, பகலிலும் உலாவுகிறது. அக்கா அந்தப் பக்கம் பார்ப்பதே இல்லை. நான் கதவை ஒருமுறைதான் பூட்டுகிறேன். திரும்பப் போய் இழுத்துப் பார்ப்பதில்லை. என் சந்தேகத்தை எடுத்து அப்பாவிடம் கொடுத்துவிட்டேன் போலிருக்கிறது.

போன வாரம் இல்லத்துக்குப் போனபோது அங்கே வரவேற்பறையில் புதிதாக ஒரு மீன் தொட்டி இருந்தது. மேற்பார்வை பார்க்கிற அம்மா, "உங்களுக்கு மீன் பத்தித் தெரியுமாமே, அப்பா சொன்னாரு. அடியில சுத்தம் பண்றதுக்கு ஏதாவது சின்னதா பாத்து வாங்கித் தாங்களேன்" என்றார். வாங்கிக் கொடுத்தேன். ஒவ்வொன்றின் வாயையும் பார்த்து, ஆறு. மிகச் சரியான தேர்வு.

அப்பாவை நாற்காலியோடு தொட்டி முன்னால் நகர்த்தினேன். வெகு நேரம் பார்த்தார். எண்ணுவார் என்று காத்திருந்தேன். அவர் உதடு அசையவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"அடியில எத்தனைடா?"

"ஆறுப்பா. நீங்களே எண்ணிப் பாருங்களேன்."

"வேணாம்டா" என்றார். "நீ சொன்னா சரிதான்."

வரும் வழியெல்லாம் எனக்குத் தலை நிமிரவில்லை. அக்காவிடம் சொல்லிவிடப் போகிறேன். அவள் அன்றைக்கே போய் அவரைக் கூட்டி வந்துவிடுவாள், அது எனக்குத் தெரியும். தேர்வு முடியட்டும் என்றுதான் இருக்கிறேன். எப்படித் தொடங்குவது என்பதைக்கூட முடிவு செய்துவிட்டேன்.

"வாங்கறப்ப அது ரொம்பச் சின்னதாத்தான் இருந்துச்சு, அக்கா."