தீர்ந்துபோன புட்டிங்

இருங்க, எழுதாதீங்க. முன்னூறுன்னு எழுதிட்டீங்களா? அடிச்சுடுங்க. மொதல்ல எங்க வீட்டுக் கல்யாணத்தன்னைக்கு யார் யார் வந்திருந்தாங்கன்னு சொல்றேன். அப்புறம் எத்தனை கப்பு புட்டிங்னு நீங்களே எழுதிக்கலாம்.

மாப்பிள்ளை வீட்டு ஆளுங்க நாப்பத்தொம்பது. எங்க பக்கம் முப்பத்தெட்டு, அதுல நானும் ஒருத்தி. பொண்ணு வேலை பார்க்கற மருந்துக்கடையிலேர்ந்து பதினொண்ணு. நான் சமைக்கற ஆஸ்பத்திரி கிச்சன்லேர்ந்து பதினேழு. தெருக்காரங்க இருபத்துநாலு. போட்டோக்காரங்க ரெண்டு, டிரைவருங்க மூணு, ஹால் ஆளுங்க நாலு. அப்புறம் பொண்ணும் மாப்பிள்ளையும். கூட்டுங்க. நூத்தம்பது வருதா? வரும். நூத்தம்பது தட்டு வெளிய போச்சு, நூத்தம்பது எச்சில் தட்டு திரும்பி வந்துச்சு. டிரைவரை எல்லாரும் கணக்குல விட்டுடுவாங்க. அவங்க மட்டும் வயித்தை வீட்டுல கழட்டி வச்சுட்டா வர்றாங்க?

உங்க நாத்தனாரா? தெருக்காரங்க இருபத்துநாலுல ஒருத்தர் அவங்க. அஞ்சாவது மேசை, ஜன்னல் பக்கம். அவங்களுக்குப் புட்டிங் கெடைக்கலையா? அதான் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கா முன்னூறு போட்டீங்களா? ம். கெடைக்கலதான். சொல்றேன்.

எனக்கு நிறையப் பேச வராதுங்க. நாலு பேர் இருந்தா உள்ள போய்ப் பாத்திரம் கழுவிட்டு இருப்பேன். ஆனா உங்களைப் பார்த்தா பாவமா இருக்கு. கையில இருக்கறது கொஞ்சம், மகன் கல்யாணம் வேற. அதனால எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்.

சாப்பாட்டை மூணு மணிக்கு வைங்க. ராத்திரி வேண்டாம். மூணு மணிக்கு வர்றவங்க வீட்டுல கொஞ்சம் சாப்பிட்டுட்டுத்தான் வருவாங்க. தட்டு சின்னதா எடுங்க. பெரிய தட்டுல கொஞ்சமா இருந்தா கஞ்சத்தனமாத் தெரியும். சின்னத் தட்டுல அதே அளவு குவியலா இருக்கும். அஞ்சு வகைக்கு மேல போகாதீங்க. நான் சூப்பு, பன்னு, கோழியும் பட்டாணியும் போட்ட சோறு, வேகவச்ச உருளைக்கிழங்கு, வெட்டின தர்ப்பூசணி, அவ்வளவுதான் போட்டேன். கறி தொடாதவங்க இருபத்திரெண்டு பேர், அவங்களுக்குத் தனிப் பானை, தனிக் கரண்டி. யாரும் குறை சொல்லல. யாரும் பாராட்டவும் இல்ல, அது வேற.

ஆறாவது ஐட்டம் என்னோடது இல்ல. அதான் புட்டிங். என் தங்கச்சி செஞ்சது. அவதான் பொண்ணோட அம்மா.

இல்லங்க, நான் பொண்ணுக்குப் பெரியம்மா. உங்க நாத்தனார் மாத்திப் புரிஞ்சுக்கிட்டாங்க போல. நான்தான் அம்மான்னு நிறையப் பேர் நினைக்கறாங்க. நினைக்கட்டும்.

பொண்ணை நாங்க குருவின்னுதான் கூப்பிடுவோம். ரெண்டரை வயசுல அவளை என்கிட்ட விட்டுட்டு, தங்கச்சியும் அவ வீட்டுக்காரரும் வேலைக்குன்னு வெளிநாடு போனாங்க. தப்புச் சொல்லக் கூடாது. போகலைன்னா கடன்ல முங்கிப் போயிருப்பாங்க. மாசாமாசம் பணம் அனுப்பினாங்க, போன் பண்ணாங்க. பதிமூணு வயசுல வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்க. பத்தரை வருஷம். ஒரு நாளைக்கு மூணு வேளை. பதினோராயிரத்து நானூத்தித் தொண்ணூத்தேழு வேளைச் சோறு இந்தக் கையால போட்டிருக்கேன். லீப் வருஷத்தைச் சேர்க்கல.

சிரிக்காதீங்க. எட்டு வருஷந்தான் பள்ளிக்கூடம் போனேன், ஆனா எண்ண மட்டும் நல்லா வரும்.

எங்க ஆஸ்பத்திரியில ஒரு பழக்கம் இருக்கு. வாயத் திறந்து பேச முடியாத நோயாளிங்க இருப்பாங்க இல்ல, அவங்களுக்காக நான்தான் ஆரம்பிச்சேன். சாப்பிட்டு முடிச்சு ஸ்பூனைக் கவுத்து வச்சா போதும்னு அர்த்தம். நிமிர்த்தி வச்சா இன்னும் வேணும்னு அர்த்தம். குருவியும் சின்ன வயசுல அப்படித்தான். வாயத் திறந்து கேக்க மாட்டா. அவ்வளவு கூச்சம், என்னை மாதிரியே. ஸ்பூனை நிமிர்த்தி வச்சுட்டு எங்கயோ பார்த்துட்டு உக்காந்திருப்பா. நானும் ஒண்ணும் கேக்காம இன்னொரு கரண்டி போடுவேன். அவ அம்மாவுக்கு இது தெரியாது. இன்னைக்கு வரைக்கும் தெரியாது.

சரி, விஷயத்துக்கு வர்றேன்.

கல்யாணம் முடிவானதும் குருவி நேரா என்கிட்டதான் வந்தா. பெரியம்மா, சாப்பாடு பூரா உங்க பொறுப்பு, வேற யாரையும் நான் நம்ப மாட்டேன்னா. எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நினைக்கறீங்க? ஒரு வாரம் தூக்கம் வரல. நூத்தம்பது தலைக்கு எத்தனை கிலோ, எத்தனை லிட்டர், எல்லாம் எழுதி முடிச்சுட்டேன். அப்போ தங்கச்சி வந்தா. அக்கா, நீயே எல்லாம் பண்ணிட்டா நான் எதுக்கு அம்மான்னு இருக்கேன், இனிப்பு மட்டும் நான் செய்யறேன்னா. நியாயம்தானே? சரின்னேன். பதினஞ்சு நாள் முன்னாடி ருசி பார்க்கறதுக்குன்னு எல்லாரும் அவ வீட்டுல உக்காந்தோம். நான் சூப்பு, சோறு எல்லாம் கொண்டு போனேன். குருவி சாப்பிட்டா, நல்லா இருக்கு பெரியம்மான்னா. எப்பவும் சொல்றதுதான்.

அப்புறம் புட்டிங்கை ஒரு வாய் வச்சா. பாலும் முட்டையும், மேல கருக்கின சர்க்கரை. பெரிய வித்தை ஒண்ணும் இல்ல. ஆனா வாயில வச்ச உடனே கண்ணை மூடிக்கிட்டா. அம்மா, இந்த ருசி எனக்கு ஞாபகம் இருக்கும்மா, சின்னதுல நீங்க ஊட்டியிருக்கீங்க இல்லன்னா.

ரெண்டரை வயசுங்க! ரெண்டரை வயசுல தின்னது ஞாபகம் இருக்குமா? நீங்களே சொல்லுங்க. அவ ரெண்டு வயசுல பல் முளைக்கற வலியில அழுதுக்கிட்டே தின்னவ, அவளுக்கு என்ன ஞாபகம் இருக்கப் போகுது? ஆனா தங்கச்சி அழுதுட்டா. அவ வீட்டுக்காரர் கண்ணைத் துடைச்சுக்கிட்டாரு. மாப்பிள்ளைப் பையன்கூட, எலெக்ட்ரீஷியன், நல்ல பையன், அவன்கூட மூக்கை உறிஞ்சினான். நான் தர்ப்பூசணி வெட்டப் போயிட்டேன். ஏற்கனவே வெட்டி வச்சதைத் திரும்பவும் சின்னதா வெட்டினேன்.

பதினோராயிரம் வேளை ஒரு பக்கம், ஒரு ஸ்பூன் புட்டிங் ஒரு பக்கம். தராசுல எது கீழ இறங்குச்சுன்னு பார்த்தீங்களா?

பொறாமைதான். ஆமான்னு சொல்றதுக்கு எனக்கென்ன. வயசு அறுபத்திமூணு, இனிமே மறைச்சு யாரைக் கட்டிக்கப் போறேன்?

அன்னைக்கு ஹாலுக்குத் தங்கச்சி ஆறு ட்ரே கொண்டு வந்தா. ஒரு ட்ரேல இருபத்தஞ்சு கப்பு. என் கணக்குப்படி தலைக்கு ஒண்ணு, மொத்தம் நூத்தம்பது. அந்த ஹாலுக்கு ரெண்டு ஃப்ரிட்ஜு. கிச்சன்ல ஒண்ணு, பின் ரூம்ல பழசு ஒண்ணு. கிச்சன் ஃப்ரிட்ஜுல மூணு ட்ரேக்குத்தான் இடம். மிச்சம் மூணை நான்தான் பின் ரூமுக்குத் தூக்கிட்டுப் போனேன். அப்போ மனசுல ஒண்ணும் இல்லங்க. சத்தியமா இல்ல.

சாப்பாடு நல்லாத்தான் போச்சு. சூப்பு மட்டும் மிஞ்சுச்சு, ஒம்பது லிட்டர். வெயில் அதிகம், அதை நான் யோசிக்காம விட்டுட்டேன். முப்பது வருஷத்துல எனக்கு அவ்வளவு மிஞ்சினதே இல்ல. தங்கச்சி கிச்சனுக்குள்ள எட்டிப் பார்த்து, பரவால்லக்கா, சூப்பு மிஞ்சினா என்ன, யாராவது குடிப்பாங்கன்னு முதுகைத் தட்டிட்டுப் போனா. அவ நல்ல மனசோடதான் தட்டினா. அதுதான் தாங்கல.

புட்டிங் வெளிய போச்சு. பாதி மேசைக்குப் போனதும் இல்லைன்னு ஆயிடுச்சு. பரிமாறினது எங்க கிச்சன் ஆளுங்க ஆறு பேர். நான் எடுத்துக் குடுக்கறதைக் கொண்டு போவாங்க, கேள்வி கேக்கற பழக்கம் அவங்களுக்குக் கெடையாது. நான் என்ன நினைச்சேன்னா, எல்லாரும் முகம் சுளிப்பாங்க, பொண்ணோட அம்மாவுக்குக் கணக்கே தெரியல, இத்தனை பேர் வருவாங்கன்னு தெரிஞ்சும் குறைச்சலா செஞ்சுட்டாங்கன்னு பேசுவாங்கன்னு நினைச்சேன்.

நடந்தது என்ன? அய்யோ, தீர்ந்துபோச்சா, அவ்வளவு ருசியாமே, ஒரு வாய்கூடக் கெடைக்கலையேன்னு ஹால் பூரா அதே பேச்சு. உங்க நாத்தனார் இன்னும் அதையே சொல்லிட்டிருக்காங்க பாருங்க. அப்போ குருவி மணமேடையிலேர்ந்து இறங்கி, காலு வலிக்குது, செருப்பு மாத்தணும்னு உள்ள வந்தா. பின் ரூமுக்குப் போனா. அஞ்சு நிமிஷம் இருக்கும். திரும்பி வந்தவ என்னைப் பார்த்துச் சிரிச்சுட்டு வெளிய போனா. தங்கச்சி அவளைப் பிடிச்சுக்கிட்டு, என்னடி, நூத்தம்பது எப்படிப் பத்தாமப் போகும்னு கேட்டா. குருவி சொன்னா, ரெண்டு ரெண்டா எடுத்துட்டாங்கம்மா, அவ்வளவு நல்லா இருந்துச்சுன்னு. தங்கச்சி முகத்தைப் பார்க்கணுமே! தன்னோட கல்யாணத்துலகூட அவ அப்படிச் சிரிச்சு நான் பார்த்ததில்ல.

எனக்குக் கெடைச்சது ஒம்பது லிட்டர் சூப்பு.

புரிஞ்சுடுச்சா? ஆமாங்க. வெளிய போனதே எழுபத்தஞ்சுதான். பின் ரூம் ஃப்ரிட்ஜை நான் தொறக்கவே இல்ல. அதனாலதான் முன்னூறு எழுதாதீங்கன்னேன். பொய்க்கணக்கை வச்சு நீங்க செலவு பண்றதை என்னால பார்த்துட்டிருக்க முடியாது. உங்களுக்கு நூத்தறுபது பேர்னா நூத்தறுபது கப்பு. ஒண்ணு கூட அதிகம் வேண்டாம். தங்கச்சிகிட்டயே சொல்லுங்க, நல்லா செய்வா.

என்ன பண்ணேனா? மறுநாள் காலைல ஹால் சாவி குடுக்கப் போனப்போ மூணு ட்ரேயையும் எடுத்துட்டுப் போய் ஆஸ்பத்திரி வார்டுல குடுத்துட்டேன். வீணாக்க மனசு வராது. கப்பெல்லாம் கிச்சனுக்குத் திரும்பி வந்துச்சு. எல்லா ஸ்பூனும் நிமிர்ந்தே வந்துச்சுங்க. ஒருத்தர்கூடக் கவுக்கல. என் சமையலுக்கு ஒருநாளும் அப்படி வந்ததில்ல.

எழுபத்தஞ்சு ஸ்பூனுமான்னு கேக்கறீங்களா? எழுபத்தஞ்சு இல்ல.

நான் வச்சது எழுபத்தஞ்சு. காலைல ஃப்ரிட்ஜைத் தொறந்து எண்ணினா ஒண்ணு குறையுது. மூணு தடவை எண்ணினேன். நடு ட்ரேல ஓரத்துல ஒரு கப்பு காலி. சுத்தமா வழிச்சுச் சாப்பிட்டிருந்துச்சு. அதுக்குள்ள ஸ்பூன் நிமிர்ந்து இருந்துச்சு.

அந்த ஃப்ரிட்ஜை மறுபடி தொறக்கப் போறது நான் ஒருத்திதான்னு அவளுக்குத் தெரியும். ஸ்பூனைப் பார்த்தா எனக்கு மட்டுந்தான் புரியும்னும் தெரியும். எதை இன்னும் வேணும்னு கேட்டாளோ. அவ அம்மா செஞ்சதையா, இல்ல வேற எதையாவதான்னு நானும் கேக்கல. ஞாயித்துக்கிழமைதோறும் ரெண்டு பேரும் வர்றாங்க, சாப்பிட்டுட்டுப் போறாங்க. அவளும் அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசல.

சரி, எழுதிக்கோங்க, அப்புறம் மறந்துடுவீங்க. வந்தவங்க நூத்தம்பது. செஞ்சது நூத்தம்பது. மிச்சம் எழுபத்திநாலு.