ரியாத் மணிபிளான்ட்

சங்கரன்கோவிலில் கடையநல்லூர் பஸ் புறப்படக் காத்திருந்தது. முன் சீட்டுப் பெண் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்: "ரியாத்துல என்னைக் கேக்காம யாரும் தண்ணி ஊத்த முடியாது, தெரியும்லா?"

"என்னட்டி சொல்லுத?"

"என்னைக் கட்டுன மாப்பிள்ளை அங்க ரூம்ல மணிபிளான்ட் வச்சிருக்காவ. இலையெல்லாம் மஞ்சளாப் போச்சுன்னு வீடியோ கால்ல காட்டுனாவ. மண்ணுல விரல விட்டுப் பாருங்கன்னேன். சொதசொதன்னு இருக்காம். ரூம்ல உள்ள ஆறு பேரும் ஷிப்ட்டு முடிஞ்சு வந்து, ஆளுக்கொரு டம்ளர் ஊத்திருக்காவ!"

"பாசம்தான்."

"வேரு அழுகிரும்லா? மண்ணு காயட்டும், நான் சொன்ன பொறவு ஊத்துங்கன்னுட்டேன். இப்பம் புது இலை விட்டிருக்கு."

பஸ் நகர்ந்தது. அவள் குரல் இன்னும் உயர்ந்தது.

"இங்கன இருந்தப்போ எனக்குச் சீலை எடுக்கக்கூட என்னைக் கேட்டதில்ல. நேத்து டம்ளரோட நின்னு, 'ஊத்தட்டுமா'ன்னு கேக்காவ. 'நாளைக்குப் பாப்போம்'னுட்டேன்."