கடைசிச் சுரமும் விழுந்த சுவரும்

என் பெயர், தகப்பனார் பெயர், கதவு எண் ஆகியவை முதல் தாளில் காவல் நிலைய எழுத்தர் குறித்துக்கொண்டபடியே சரி. வயது நாற்பத்தாறு. மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடிகளைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்தும் வேலை செய்கிறேன். எங்கள் தெரு ஆலயத்தின் பாடகர் குழுவில் பத்தொன்பது வருடமாக உச்சக் குரல் பாடுகிறேன். குழுவில் என்னைச் 'சைரன்' என்று கூப்பிடுவார்கள். என்னை யாரும் அழைத்து வரவில்லை, மிரட்டவும் இல்லை. நானாகவே வந்து இதைச் சொல்கிறேன்.

கடந்த சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு, நோயுற்றிருக்கும் ஒரு சபையார் வீட்டில் பாடுவதற்காகக் குழுவினர் பன்னிரண்டு பேரும் ஆலய வேனில் ஏறினோம். மேற்படி வேனின் ஓட்டுநர் என் கணவர். படியிறங்கும்போது அவருக்குக் கால் சுளுக்கிவிட்டதால், "நீ வண்டியைத் திருப்பி மட்டும் நிறுத்தும்மா, வலி கொறஞ்சதும் நான் ஓட்டிக்கிறேன்" என்று சாவியைத் தந்தார். எனக்கு ஸ்கூட்டர் ஓட்டுவதற்கு மட்டுமே உரிமம் உண்டு. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருந்தும் ஏறி உட்கார்ந்தேன். உண்மையைச் சொன்னால் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. அதன் பிறகு குழுவை நடத்தும் மாஸ்டர் என் பக்கத்து இருக்கையில் அமர்ந்து, நேரத்தை வீணாக்காமல் பாட்டை ஒருமுறை பாடிப் பார்த்துவிடலாம் என்றார். அதன் பிறகு எல்லோரும் பாடத் தொடங்க, நானும் பாடிக்கொண்டே வேனைப் பின்னால் எடுத்தேன்.

இந்த இடத்தில் எங்கள் குழுவின் விதி ஒன்றை அதிகாரிக்கு விளக்கினேன். கடைசிச் சுரத்தில் மாஸ்டர் கையை உயர்த்துவார். அந்தக் கை மூடும்வரை அதிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது, சுரத்தையும் விடக் கூடாது. அன்றைக்கும் கையை உயர்த்தினார். நான் அவர் கையைப் பார்த்தபடி சுரத்தையும் விடவில்லை, ஆக்சிலரேட்டரையும் விடவில்லை. அவர் கையை மூடியபோது பக்கத்து வீட்டுச் சுற்றுச்சுவர் பன்னிரண்டு அடி நீளத்துக்கு விழுந்து கிடந்தது. யாருக்கும் காயமில்லை. சுரம் கடைசிவரை இறங்கவில்லை என்று மாஸ்டர் பிற்பாடு சொன்னார்.

அது ஓய்வுபெற்ற தலைமையாசிரியரின் வீடு. எங்கள் பாட்டுச் சத்தம் தாங்கவில்லை என்று நான்கு முறை புகார் கொடுத்தவர் அவர். ஆகவே தெருவில் அவருக்காகப் பரிதாபப்பட ஆளில்லை. அப்போது அவர் வீட்டில் இல்லை. வேனை ஆலய வளாகத்துக்குள் விட்டுவிட்டு நாங்கள் செங்கற்களைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரத்தில், தண்ணீர் லாரி ஒன்று சுவரை ஒட்டிய சந்துக்குள் பின்னோக்கி வந்து நின்றது. அதன் பிறகு தலைமையாசிரியர் வந்து, லாரியைப் பார்த்து, சுவரைப் பார்த்து, லாரி ஓட்டுநரின் சட்டையைப் பிடித்தார். அப்போது எங்கள் குழுவில் கீழ்க்குரல் பாடும் முடிதிருத்துநர், "ஆமா சார், லாரிதான்" என்றார். ஒவ்வொருவராக எல்லோரும் தலையாட்டினார்கள். எல்லோரும் ஆட்டியதால் நானும் தலையாட்டினேன்.

லாரி ஓட்டுநர் சண்டை போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் போய் லாரியின் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். அதன் பிறகு எங்கள் கையிலிருந்த பாட்டுப் புத்தகங்களைப் பார்த்து, "சாமி பாட்டுப் பாடுறவங்க இத்தன பேரு சொல்றாங்க. அப்ப நான்தான் இடிச்சிருப்பேன், எனக்குத்தான் தெரியல போல" என்றார். அவருடைய உரிமத்தை அன்றே நிலையத்தில் வாங்கி வைத்துக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன்.

மறுநாள் ஞாயிறு ஆராதனைக்குப் போனபோது வேனின் நசுங்கிய பின்பக்கத்தில் அறிவிப்புப் பலகையைச் சாய்த்து வைத்திருந்தார்கள். சபையில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருந்தது, எல்லோருக்கும் சந்தோஷம். அதன் பிறகு அதே பாட்டைப் பாடினோம். கடைசிச் சுரத்தில் மாஸ்டர் கையை உயர்த்தியதும் என் வலது கால் தானாகத் தரையை அழுத்தியது. நான் பாதியில் நிறுத்திவிட்டு உட்கார்ந்தேன். கர்த்தர் உண்மையுள்ளவர் என்று பாடுகிற வாய் அது, ஒரு மனிதனைக் குற்றவாளியாக்க மூடிக்கொண்ட வாயும் அதுவே. வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் சொன்னேன். அவர், "உண்மையைச் சொன்னா என் வேலை போயிடுமே" என்றார். நான், "போனா போகட்டுங்க. மனசுல ஒண்ணும் வாயில ஒண்ணுமா பாட நான் என்ன டேப் ரிக்கார்டரா?" என்றேன். அவர் வெகுநேரம் சுளுக்கிய காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு, "சரி, சொல்லு. சாவி குடுத்தது நான்தான்னும் சேத்துச் சொல்லு" என்றார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் அவரை அன்றைக்குப் போல எனக்கு என்றும் பிடித்ததில்லை. இதை எழுத வேண்டுமா என்று எழுத்தர் கேட்டார். எழுதச் சொன்னேன்.

இன்று காலை மாஸ்டரும் முடிதிருத்துநரும் வீட்டுக்கு வந்தார்கள். "அக்கா, தெருவே நம்ம பக்கம் இருக்கு. நீங்க ஏன் வேலில போற ஓணான எடுத்து மடியில கட்டிக்கிறீங்க?" என்று முடிதிருத்துநர் கேட்டார். உண்மையைச் சொன்னால் குழுவில் இடமில்லை என்று மாஸ்டர் சொன்னார். அது வலித்தது. "எங்க வீட்டுக் குளியலறையில நல்லா எதிரொலிக்கும் மாஸ்டர், அங்க பாடிக்கிறேன். அந்த லாரிக்காரர் நம்மள நம்பினாரே, அதுக்கு என்ன பதில் சொல்லப் போறோம்?" என்று கேட்டேன். இருவரும் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

அதன் பிறகு நானும் கணவரும் இங்கு வந்தோம். பெஞ்சில் லாரி ஓட்டுநரும் தலைமையாசிரியரும் ஆளுக்கொரு ஓரத்தில் இருந்தார்கள். சுவரை இடித்தது நான் என்று சொன்னேன். லாரி ஓட்டுநர் எழுந்து, "அப்ப நான் இடிக்கலையா?" என்றார். இல்லை என்றேன். "நெசமாவா அக்கா?" என்று மறுபடி கேட்டுவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். உரிமம் திரும்பக் கிடைத்தாலும் இனி லாரியை எடுக்க முடியுமா என்று இரண்டு நாளாகப் பயந்தாராம். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் என் கணவரின் காலைப் பார்த்து, அவர் உட்கார பெஞ்சில் இடம் விட்டார்.

எழுத்தர் இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே வாசலில் முடிதிருத்துநர் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் மற்றவர்கள், கடைசியாக மாஸ்டர், மொத்தம் பதினொரு பேர். தாங்களும் சொன்னதை மாற்றிச் சொல்ல வந்ததாகச் சொன்னார்கள். அதிகாரி வரிசையில் நிற்கச் சொன்னதும், பழக்கதோஷத்தில் குரல் வாரியாக நின்றார்கள். என் இடத்தை விட்டுவைத்திருந்தார்கள். நான் போய் அதில் நின்றேன். அதன் பிறகு, என் கால் ஆக்சிலரேட்டரை எவ்வளவு நேரம் மிதித்திருந்தது என்று அதிகாரி கேட்க, பாடிக் காட்டினால்தான் தெரியும் என்று மாஸ்டர் சொல்ல, இங்கேயே பாடினோம். தலைமையாசிரியர் கைக்கடிகாரத்தைப் பார்த்து ஒன்பது வினாடி என்றார். அதன் பிறகு, "பாட்டு நல்லாத்தான் இருக்கு. இத்தன நாளா நடுவுல சுவர் இருந்ததால சத்தம் மட்டுந்தான் கேட்டுச்சு" என்றார்.

என் கணவரின் வேலையைப் பற்றி ஆலயக் குழு என்ன முடிவெடுக்கும் என்று தெரியாது. உரிமமில்லாமல் வேன் ஓட்டியதற்குரிய தண்டனையை ஏற்றுக்கொள்கிறேன்.

எழுத்தர் படித்துக் காட்டக் கேட்டேன். ஒரே ஒரு திருத்தம் சொன்னேன். 'எல்லோரும் ஆட்டியதால் நானும் தலையாட்டினேன்' என்ற வரியை அடித்துவிட்டு, 'நான் தலையாட்டினேன்' என்று ஓரத்தில் எழுதினார். இப்போது இதில் உள்ளது முழுவதும் உண்மை.

ஒப்பம்.

என் முன்னிலையில் கையெழுத்திட்டார்.
சாட்சி: தண்ணீர் லாரி ஓட்டுநர்.